ஞாயிற்றுக்கிழமைக் கரை

தவராசாவுக்குத் தெரியாத விஷயம் என்று இந்த ஒக்லாந்தில் ஒன்றும் இல்லை. எந்தக் கடையில் டின்னில் அடைத்த முருங்கைக்காய் வரும், எந்த டொக்டர் லீவுக்கு யோசிக்காமல் கையெழுத்து வைப்பார், எந்தக் கந்தோரில் எந்த மேசைக்கு முன்னால் போய் நின்றால் விசா அலுவல் சுருக்காய் முடியும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். கடல் வற்றும் என்கிற ஒன்றுதான் அன்று காலை வரை அவருக்குத் தெரியாமல் இருந்தது.

வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு அவர் மாங்கரேக் கரையில் நின்றார். பக்கத்தில் பத்மாவதி, வெள்ளைத் துணியால் வாய் கட்டிய பித்தளைக் குடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள். குடத்துக்குள் அவளுடைய புருஷன் சற்குணம் சாம்பலாக இருந்தார். கடல் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறு கிடந்தது. அதற்கு அப்பால் எங்கோ மெல்லிய கோடாகத் தண்ணீர் தெரிந்தது.

"நேற்றுப் பின்னேரம் வந்து பாத்திட்டுத்தான் போனனான், தங்கச்சி. தண்ணி இந்தக் கல்லு மட்டும் நிண்டது," என்றார் தவராசா, கடல் தனக்குச் சொன்ன சொல்லை மீறிவிட்டது என்கிற குரலில்.

"இனி எப்ப அண்ணை வரும்?"

"வரும். வராமல் எங்கை போறது? ஆனா இண்டைக்கு வெள்ளி, பத்தரைக்குப் பிறகு ராகுகாலம்."

"அப்ப நடப்பம்," என்றாள் பத்மாவதி. செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தாள்.

அன்று முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. ஊரில் என்றால் இந்நேரம் கீரிமலையில் கூட்டமாய் நின்று சாம்பலைக் கரைத்துவிட்டுக் கேணியில் முழுகி எழும்பியிருப்பார்கள். கொழும்பிலிருந்து தம்பி ஆனந்தராசா ரெலிபோனில் சொல்லிவிட்டான்: "அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கேலாது அக்கா. பக்கத்திலை ஆமிக் காம்ப். எந்த நேரம் ஷெல் விழும் எண்டு தெரியாது." எண்பத்தேழாம் ஆண்டு பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பிறந்த ஆண்டும் போன ஆண்டைப் போலத்தான் இருக்கப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் மாங்கரேக்கு வந்தது வேறு வழி இல்லாமல் மட்டும் அல்ல. சற்குணமே சொல்லிவிட்டுப் போனது அது. ஒடாஹுஹுவில் ரயில்வே வேலைத்தலத்தில் எந்திர வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. நீரிழிவுக்கு நட என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காரை எடுத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வந்துவிடுவார். ஒரு நாள் வழக்கம்போல ஏலக்காயை மென்றபடி வீட்டுக்குத் திரும்பி, வெளிக்குழாயில் சவர்க்காரம் போட்டுக் கை கால் கழுவிக்கொண்டே, "இஞ்சரும், நான் செத்தால் கீரிமலை. அதுக்கு ஏலாட்டில் மாங்கரே. அச்சொட்டாய் எங்கட ஊர்ப் பண்ணைக் கடல்தான்," என்றார். பத்மாவதி அரிசி கழுவிக்கொண்டு நின்றவள், "வாயைக் கழுவுங்கோ," என்றாள். அவர் சிரித்துக்கொண்டு வாயையும் கழுவினார்.

மார்கழி மாதம், பயிற்றங்கொடிக்குத் தடி நட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே உட்கார்ந்தார். எழும்பவே இல்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. கொள்ளி வைக்க வேண்டிய இடத்தில், எரிக்கிற மண்டபத்துப் பட்டனை அமத்தியவர் ஊர்க்காரர் தவராசா. சாம்பல், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பத்மாவதி முதல் தடவை சத்தம் போட்டு அழுதாள். சீதனத்தோடு வந்த பித்தளைக் குடத்தைப் புளி போட்டு மினுக்கி, அவரை அதற்குள் மாற்றினாள்.

சேறு கணுக்கால் மட்டும் இழுத்தது. தவராசா முன்னால் போனார், தேவாரப் புத்தகத்தைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு. வழியெல்லாம் அவர் கதை ஓயவில்லை. "கவுன்சிலுக்கு ரெலிபோன் பண்ணிக் கேட்டனான். ஒரு பிரச்சினையும் இல்லையாம். தாராளமாய்ச் செய்யலாமாம். இந்த நாட்டிலை எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு, முறைப்படி கேட்டால் முறைப்படி தருவாங்கள்." அதற்குள் அவருடைய ஒரு கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. பத்மாவதி ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அவரை இழுத்தாள்.

அந்த நேரம்தான் அந்தப் பெண்ணைக் கண்டார்கள். குனிந்து சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அறுபது வயதிருக்கும். மாவோரிப் பெண். கம்பளித் தொப்பி, ஆம்பிளைக் காற்சட்டை, பக்கத்தில் வாளி. வாளி நிறைய மட்டி. எங்கள் ஊரில் மட்டி என்கிற அதே இரட்டை ஓட்டுச் சாமான்தான், கொஞ்சம் வெளிறி இருந்தது.

வேட்டி கட்டிய மனிதனையும் சேலை கட்டிய பெண்ணையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குடத்தை மட்டும் பார்த்தாள்.

"உள்ளே யார்?" என்று கேட்டாள்.

என்ன என்று கேட்கவில்லை, யார் என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். பத்மாவதி குடத்தை இன்னும் இறுக்கி அணைத்தாள். இந்த ஒரு மாதமும் எல்லாரும் அதைப் பெட்டி என்றும் சாமான் என்றும்தான் சொல்லியிருந்தார்கள்.

"என்னுடைய கணவர்."

அந்தப் பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் வைத்துவிட்டு வந்தாள். தொப்பியைக் கழற்றினாள். குடத்தைப் பார்த்துத் தன் பாஷையில் பேசினாள். அவசரமில்லாமல், வாசலுக்கு வந்தவரை வரவேற்றுக் கதைக்கிற மாதிரி இருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. பத்மாவதியின் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பேசி முடித்துத் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டாள். "இங்கே விடத்தானே கொண்டுவந்தீர்கள்? இங்கே விடக்கூடாது. மன்னிக்க வேண்டும்."

தவராசாவுக்குச் சுறுக்கென்றது. "கவுன்சிலில் கேட்டோம். அனுமதி இருக்கிறது," என்றார்.

"கவுன்சில் இங்கே மட்டி பொறுக்குவதில்லை," என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "இது எங்கள் சாப்பாட்டு மேசை. என் தாய் இங்கேதான் பொறுக்கினாள், அவளுடைய தாயும் இங்கேதான். இறந்தவர்களையும் சாப்பாட்டையும் நாங்கள் ஓரிடத்தில் வைப்பதில்லை. ஊர்க் கழிவெல்லாம் இந்தத் தண்ணீருக்கு வந்தது. அப்போதும் எங்களை ஒருவரும் கேட்கவில்லை. அனுமதி யாரோ யாருக்கோ கொடுத்தார்கள்."

தவராசா வாயைத் திறந்தார். பத்மாவதி அவருடைய முழங்கையைத் தொட்டாள்.

அவளுக்கு விளங்கிவிட்டது. விளக்கம் தேவையே இல்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டாத சனம் அவள். சுடலைக்குப் போய் வந்தவன் முழுகாமல் வாசற்படி மிதிக்கக் கூடாத சனம். துடக்கு என்றால் என்ன என்று அவளுக்கு ஒருத்தி ஆங்கிலத்தில் சொல்லித்தர வேண்டுமா? விளங்காமல் இருந்தால் எவ்வளவு நல்லாயிருக்கும் என்று நினைத்தாள். கோபமாவது பட்டிருக்கலாம்.

"நான் ரிபேகா," என்றாள் அந்தப் பெண். "கதைக்க வேண்டும் என்றால் வாருங்கள். பாலத்தடியில், வாசலில் படகு கவிழ்த்து வைத்த வீடு."

ராகுகாலம் பிறந்துவிட்டது. குடம் எப்படி வந்ததோ அப்படியே திரும்பியது, சேறு மட்டும் கூடுதலாக.

அன்றைக்குப் பிறகு பத்மாவதிக்கு வீடு வீடாக இல்லை. தையல் பக்டரியில் கை தன் பாட்டில் தைத்துக்கொண்டிருக்கும், மனம் நடு அறைத் தட்டில் இருக்கிற குடத்திலேயே கிடக்கும். விட வேண்டிய நாளில் விடாத உயிர் எங்கே நிற்கும்? கதவடியில் நிற்குமா? குளிர்காலம் வந்தால் எங்கே ஒதுங்கும்? அவர் குளிருக்கு ஆகாதவர். வேலையால் வந்து திறப்பைப் போடும்போது, "வந்திட்டன்," என்று குடத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லப் பழகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னும் மோசம். அந்த வெளிக்குழாய்ச் சத்தம் கேட்கும் என்று காது தன்னை அறியாமல் காத்திருந்தது. அவர் வேண்டும். அவ்வளவுதான். வேறு எதைச் சொன்னாலும் அது சுற்றி வளைப்பது.

தவராசா இரண்டு தரம் வந்து போனார். "உதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்? மேற்குக் கரைப் பக்கம் ஒரு கடல் கிடக்கு. பின்னேரம் சனம் இல்லாத நேரமாய்ப் போய் விட்டிட்டு வருவம். கடல் எல்லாம் ஒரே கடல்தானே."

"அங்கையும் ஒரு மனிசி வாளியோட நிக்கும், அண்ணை."

"நிண்டால் என்ன? காணாமல் செய்யிறது."

"களவாய்க் கொண்டுபோய் ஊத்துறதுக்கு அவர் என்ன கசிப்புச் சாராயமே?" என்றாள் பத்மாவதி. தவராசா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்குத்தான் எல்லாவற்றையும் முடித்துவைக்கிற அவசரம்.

அடுத்த ஞாயிறு அவள் தனியாக பஸ் ஏறி மாங்கரேக்குப் போனாள். குடத்தைக் கொண்டுபோகவில்லை. கேட்கப் போகிறவள் கையோடு பிணத்தைக் கொண்டு போவது வற்புறுத்தல் ஆகிவிடும் என்று பட்டது. பதிலாகக் கைப்பைக்குள் அவருடைய படம் ஒன்றை வைத்துக்கொண்டாள். அதிலும் ஒரு சின்னக் கள்ளத்தனம் இருந்தது. முகத்தைக் கண்டால் மனம் இளகாதா என்ன?

படகு கவிழ்த்த வீடு சுலபமாய்க் கிடைத்தது. ரிபேகா சமையலறையில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றினாள். பத்மாவதி பாடமாக்கி வந்ததைச் சொன்னாள். "அன்றைக்கு நாங்கள் கேட்காமல் வந்தோம். கேட்க வேண்டிய ஆட்களைக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்க வந்திருக்கிறேன். உங்கள் தண்ணீரில், நீங்கள் சொல்கிற ஒரு மூலையில், அவரை விட இடம் தருவீர்களா? இவர்தான்."

படத்தை மேசையில் வைத்தாள்.

ரிபேகா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"இது மிஸ்டர் குணம்," என்றாள்.

"இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பத்மாவதி.

"ஞாயிற்றுக்கிழமைக்காரர். கிறிஸ்மஸுக்கு முதல் ஒரு ஞாயிறு வரவில்லை. பிறகும் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டார், சொல்லாமல் போய்விட்டார் என்று நான் கோபத்தில் இருந்தேன்." ரிபேகாவின் முகம் உடைந்தது. "அன்றைக்கு நான் அவரோடுதான் பேசினேனா? என்ன பேசினேன் என்று தெரியுமா உங்களுக்கு? 'முகம் தெரியாத விருந்தாளியே' என்று பேசினேன்."

இரண்டு பெண்களும் மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய் இருந்து அழுதார்கள். பிறகு ரிபேகாதான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

முதல் நாள் அவர் கரையோரம் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம். காற்சட்டையை மடித்துவிட்டிருந்தாராம். இவள் பொறுக்குவதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மேடம், இந்தக் கரை யாருடையது? இதில் ஒரு கை அள்ளுவதென்றால் நான் யாரைக் கேட்க வேண்டும்?" என்று கேட்டாராம்.

"எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது," என்றாள் ரிபேகா. "ரோட்டுப் போட்டவன் கேட்கவில்லை. விமானத்துக்கு ஓடுபாதை கட்டியவன் கேட்கவில்லை. இந்த மனிதன் ஒரு கை மட்டிக்குக் கேட்கிறார். எங்களுடையது, ஆனால் கடதாசியில் அப்படி இல்லை என்றேன். எங்கள் ஊர்க் கதையும் அதுதான் என்றார். பிறகு வாளியைத் தந்து அள்ளச் சொன்னேன். அள்ளத் தெரிந்தவர். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும்."

"மட்டியா?" என்றாள் பத்மாவதி. "எங்கள் வீட்டில் மச்சம் புழங்குவதில்லை. அவர் சைவம்."

ரிபேகா எழும்பிப் போய், அடுப்புக்கு மேலுள்ள தட்டிலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். பத்மாவதி மூடியைத் திறந்தாள். திறக்க முன்னமே மணம் சொல்லிவிட்டது. அவள் கையால் வறுத்த கறித்தூள். பெருஞ்சீரகம் ஒரு பிடி கூட விழுந்த தூள். மாதா மாதம் தூள் எப்படிக் குறைகிறது என்று அவள் மலைத்துப்போய், தவராசாவின் பெண்சாதி வந்து போகும் நாட்களோடு சேர்த்துக் கணக்குப் பார்த்ததும் உண்டு.

"உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்பார். என் மனைவி கோயில் மாதிரி, அவளுடைய சட்டியில் இதை வைக்கக் கூடாது என்பார். அதனால் என் சட்டியில் அவியும்."

பத்மாவதிக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பசி இல்லை என்று சோற்றைத் தள்ளிவைத்த மனிதன்! அந்தச் சவர்க்காரமும், அந்த ஏலக்காய் மெல்லலும்! பிறகு சிரிப்பு வந்தது. பிறகு அதற்கெல்லாம் அடியில் இருந்தது வந்தது. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்கும் நாளில், அவள் வடையும் மோதகமும் பருத்தித்துறை வடையும் சுட்டுப் படைத்திருந்தாள். அவருக்குப் பிடித்தது என்று நினைத்துப் படைத்தாள். அவர் உண்மையாய் ஆசைப்பட்டது அந்த வாழையிலையில் இருக்கவில்லை. மச்சம் தின்னுகிற சனம் எட்டுச் செலவுக்கு மீனும் இறைச்சியும் கூடப் படைக்கும். அவளும் படைத்திருப்பாள். சொல்லியிருந்தால் படைத்திருப்பாள். எத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தும் இதைச் சொல்ல அவருக்கு வேறு ஒரு சமையலறை தேவைப்பட்டிருக்கிறது.

"அப்படியென்றால்," என்றாள் கடைசியாக, "அவர் உங்களுக்குத் தெரிந்தவர். இடம் தருவீர்கள்."

ரிபேகா படத்தை எடுத்துப் பத்மாவதியின் பக்கம் நகர்த்தினாள். "நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் செய்திருந்தால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். கேட்டபடியால் நான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு மட்டும் சொந்தமான தண்ணீர் இல்லை இது. எங்கள் மராயேயில் பெரியவர்களிடம் கொண்டுபோகிறேன். அந்தக் கூடத்தில் எல்லாரும் இருந்து கதைத்துத்தான் இதைச் சொல்லலாம்."

பஸ்ஸில் திரும்பும்போது பத்மாவதிக்கு நம்பிக்கை இருந்தது. முகம் தெரிந்த வீடு இல்லையா, ஓம் என்றுதான் வரும். ஊரில் தெரிந்த ஆளிடம் போய் ஒரு அலுவல் கேட்டால் இல்லை என்று வந்ததுண்டா?

ரிபேகா வந்தது இரண்டு ஞாயிறு கழித்து, ஒரு பழைய வேன் வண்டியில். முன் கதவுக்கு வரவில்லை, பக்கத்தால் சுற்றிப் பின்படிக்கு வந்தாள். கையில் வாளி, ஈரச் சாக்கால் மூடியிருந்தது.

"உள்ளே வாருங்கோ," என்றாள் பத்மாவதி, தமிழும் ஆங்கிலமும் கலந்து.

"அவர் உள்ளே இருக்கிறார். இதோடு நான் உள்ளே வரக்கூடாது," என்று வாளியைக் காட்டினாள் ரிபேகா. படியில் உட்கார்ந்தாள். பத்மாவதியும் உட்கார்ந்தாள். காய்ந்துபோன பயிற்றங்கொடிகள் தடியைச் சுற்றியபடியே நின்றன.

"கூடாது என்றுதான் முடிவு," என்றாள் ரிபேகா. "அவர் நல்லவர், தெரிந்தவர், எல்லாம் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். அழுதவர்களும் உண்டு. ஆனால் தண்ணீருக்குள் கூடாது. அவருக்குத் தந்தால் இனி வருகிற ஒருவருக்கும் மறுக்க முடியாது. மலையடியில் எங்கள் ஆட்கள் படுத்திருக்கும் மண் இருக்கிறது. அதன் ஓரத்தில் இடம் தருகிறோம் என்கிறார்கள். அது எல்லாருக்கும் தருகிற இடம் இல்லை."

பத்மாவதி வாளியையே பார்த்தாள். கேட்டால் தருவார்கள் என்றுதான் கேட்டாள். கேட்பது என்றால் இல்லை என்பதையும் வாங்கிக்கொண்டு வருவது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. வாளியை உதைத்துக் கவிழ்க்கலாம் போல ஒரு கணம் இருந்தது.

"அவர் தண்ணிதான் கேட்டவர்," என்றாள்.

"தெரியும். அவர் கேட்ட முதல் தண்ணீர் எது? அவருடைய ஊர்த் தண்ணீர்?"

"கீரிமலை. கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கேணி."

"அது யாருடையது?"

"எங்கட," என்றாள் பத்மாவதி. யோசிக்காமல் வந்த சொல் அது. ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில் வந்தது. ரிபேகாவுக்கு அது விளங்கியது போலத்தான் இருந்தது.

கீரிமலையில் முழுகப் போகிற எவரும் யாரையும் கேட்டதில்லை. தகப்பனைக் கரைத்தார்கள், தாயைக் கரைத்தார்கள், முழுகினார்கள், ஈரத்தோடு வீட்டுக்கு நடந்தார்கள். இப்போது அங்கே போகாதே என்று சொல்கிறவன் அந்தத் தண்ணீரில் ஒருநாளும் முழுகாதவன், கையில் துவக்கு வைத்திருக்கிறவன். இங்கே கூடாது என்று சொல்ல வந்தவளோ, அந்தச் சேற்றில் பிறந்து வளர்ந்த பெண். சொல்லிவிட்டுப் போகாமல் பக்கத்தில் இருக்கிறாள். தன் தண்ணீருக்குத் தானே கதவாய் நிற்க ஒரு சனத்துக்கு இன்னும் இவ்வளவாவது மிச்சமிருக்கிறதே என்று பத்மாவதிக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமை மெல்ல மெல்ல ஒருவித ஆறுதலாகவும் மாறியது. அந்தக் கேணிப் படிக்கட்டில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், கால் வைக்க வேண்டும் போல் உடம்பெல்லாம் ஏங்கியது.

"மலையடி வேண்டாம்," என்றாள். "உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள், தந்ததை நான் மறக்க மாட்டேன். ஆனால் அவர் என்னோடு இருக்கட்டும். எங்கள் தண்ணீர் திறக்கும் வரைக்கும் இருக்கட்டும்."

"எப்போது திறக்கும்?"

"தெரியாது."

ரிபேகா தலையசைத்தாள். அப்படிக் காத்திருப்பதை அவளுக்கு விளக்கவும் தேவை இருக்கவில்லை.

பிறகு பத்மாவதி வாளியின் சாக்கை விலக்கிப் பார்த்தாள். மட்டிகள் ஒன்றையொன்று உரசிக் கிறீச்சிட்டன. "இதை எப்படிச் சமைக்கிறது?" என்று கேட்டாள்.

ரிபேகா திரும்பிப் பார்த்தாள். "உங்கள் வீட்டிலா?"

"படைக்க வேணும். எங்கட முறை அது. செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்போம், அவருக்கு முன்னால் வைப்போம். உங்களுக்கு இது சரியாய்ப் படாது, எனக்குத் தெரியும்."

"படாதுதான்," என்றாள் ரிபேகா. "கரையில் எங்கள் முறை. உங்கள் வீட்டில் உங்கள் முறை. நான் இங்கேயே இருக்கிறேன்."

படியில் இருந்தபடியே அவள் கதவுக்குள்ளால் சொல்லச் சொல்ல, பத்மாவதி உள்ளே செய்தாள். முதலில் மண் போகக் கழுவ வேண்டும். பிறகு அவிக்க வேண்டும், வாய் திறக்காததை எறிந்துவிட வேண்டும். வெங்காயத்தைத் தாளித்தாள். கலியாணமான நாளிலிருந்து மச்சம் ஏறாத அடுப்பு அது. அவளுடைய சொந்தச் சட்டி, கோயில் சட்டி, அதைத்தான் எடுத்தாள். வேறு சட்டி வாங்கலாம் என்று ஒரு கணம் நினைத்து, இல்லை, இதிலேதான் என்று முடிவெடுத்தாள். அன்றைக்கு ரிபேகா தந்துவிட்ட மைலோ டின்னிலிருந்து தூளை அள்ளிப் போட்டாள்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "இன்னும் போடுங்கள். அவர் இன்னும் போடுவார்."

அவள் இன்னும் ஒரு கரண்டி போட்டாள். கடல் மணமும் தூள் மணமும் சேர்ந்து எழும்பின. அந்த மணத்தை அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவருடைய சேட்டுக் கொலரில் மெல்லிசாய் இருக்கும் மணம். கடற்காற்று என்று நினைத்து எத்தனை தரம் முகத்தை வைத்திருக்கிறாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் நின்று வாய்விட்டு அழுதாள்.

வெளியில் இருந்தவளுக்கு ஒரு கோப்பையில் முதலில் போட்டுக் கொடுத்தாள், படைக்க முதல். படைத்ததை அவள் சாப்பிட மாட்டாள் என்று தெரியும். பிறகு சோறும் கறியும் இலையில் வைத்து, நடு அறைத் தட்டுக்கு முன்னால், குடத்துக்கு நேராக வைத்தாள். விளக்கை ஏற்றினாள். தேவாரம் ஒன்றும் வரவில்லை.

"இஞ்சருங்கோ," என்றாள். "உங்களைத் தண்ணிக்கு விட ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். சரிதான் அவை சொன்னது. நீங்கள் சாப்பிட்ட இடமெல்லே அது. சாப்பிடுங்கோ. இனி ஒளிச்சுச் சாப்பிடத் தேவையில்லை."

படைத்ததை வீட்டார் சாப்பிட வேண்டும். அதுதான் முறை, வீண் போக விடக்கூடாது. வீட்டார் என்று அவள் ஒருத்திதான் இருந்தாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, பின்படியில் இருந்த ரிபேகாவின் முதுகு தெரியும்படி நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். இலையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு மட்டியை எடுத்து ஓட்டை விலக்கி வாயில் வைத்தாள்.